பன்னிரண்டு குப்பிகளும் ஒரு மணியும்: விட்பி பயணக் குறிப்புகள்

திங்கள் இரவு, விட்பி

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், எஸ்க் ஆறு வட கடலில் கலக்கும் இடத்தில், எதிரெதிரே நிற்கும் இரண்டு பாறைக் குன்றுகளின் சரிவுகளில் அமைந்த சிறிய துறைமுக ஊர் விட்பி. மிடில்ஸ்பரோவில் ஏறினால், எஸ்க் பள்ளத்தாக்கின் வழியாக ஆற்றை மீண்டும் மீண்டும் குறுக்கே கடந்து செல்லும் ரயில் ஒன்றரை மணி நேரத்தில் துறைமுகத்தின் ஓரத்திலேயே இறக்கிவிடுகிறது. கிழக்குக் குன்றின் உச்சியில், கி.பி. 657இல் ஹில்டா என்ற துறவி நிறுவிய மடம் இருந்த இடத்தில், பிற்காலத்தில் எழுந்த பேராலயத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. மேற்குக் குன்றில் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் சிலையும், திமிங்கலத்தின் தாடையெலும்புகளை நட்டு எழுப்பிய வளைவும் இருக்கின்றன. குக் 1746இல் கப்பல் தொழில் பழக வந்தது இந்த ஊருக்குத்தான். அவர் பசிபிக் கடலுக்குச் சென்ற எண்டெவர் கப்பல் கட்டப்பட்டதும் இங்கேதான். 1753 முதல் 1837 வரை இங்கிருந்து ஆர்க்டிக் கடலுக்குத் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் போய்வந்தன.

இவையெல்லாம் நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் காத்திருக்கும். லீட்ஸில் படிக்கும் அக்கா மகனையும் உடன் அழைத்துக்கொண்டு நான் இங்கே வந்திருப்பது, இவ்வூர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கருவியைப் பார்ப்பதற்காக. அது என்னவென்று அவனிடம் நான் சொல்லவில்லை. பெயரையும் விளக்கப் பலகையையும் முன்கூட்டியே படிக்காத ஒருவர் அதைப் பார்த்து என்ன நினைப்பார் என்று அறிய வேண்டும் என்பது என் ஆசை.

செவ்வாய் இரவு

விட்பி இலக்கிய, தத்துவச் சங்கம் 1823இல் தொடங்கப்பட்டது. அச்சங்கத்தின் அருங்காட்சியகம் 1931 முதல் பேனட் பூங்காவில் இருக்கிறது. பெரிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் இன்று காணப்படும் தொடுதிரைகளும் வண்ண விளக்குகளும் இங்கே முன்னுக்கு நிற்பதில்லை. கண்ணாடிப் பேழைகள் நெருக்கமாக நிற்கின்றன. சுவரில் பெரிய கடல் ஊர்வனவற்றின் புதைபடிவங்கள், அவற்றின் அருகே கப்பல் மாதிரிகள், இவ்வூர்க் கரும்பாறையில் கிடைக்கும் ஜெட் என்னும் பளபளப்பான கறுப்புப் பொருளில் செதுக்கிய அணிகலன்கள் என்று ஊரார் சேர்த்ததெல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களை நான் மிகவும் விரும்புகிறேன். எதைப் பார்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்று யாரும் நமக்காக முடிவு செய்திருப்பதில்லை.

நாங்கள் தேடிவந்த கருவி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் இருக்கும். வட்டமான அடித்தட்டின் விளிம்பையொட்டிப் பன்னிரண்டு தெளிந்த கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்றே கூடுதலாகக் கொள்ளும். குப்பிகளின் கழுத்தில் சிறிய உலோகக் குழாய்கள் செருகப்பட்டிருக்கின்றன. அவற்றிலிருந்து மெல்லிய சங்கிலிகள் மேலே ஏறுகின்றன. நடுவில், உச்சிக்கு அருகே, ஒரு மணி. மணியைச் சுற்றிப் பன்னிரண்டு சின்னஞ்சிறு சுத்தியல்கள். எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் தூண்களும் வளைவுகளும் பொன்வண்ணத்தில் ஒரு மண்டபத்தைப் போல அமைக்கப்பட்டிருக்கின்றன.

விளக்கப் பலகைக்கு முதுகைக் காட்டி நிற்கும்படி மருமகனிடம் சொன்னேன். அவன் இயற்பியல் மாணவன். பேழையைச் சுற்றி வந்து நெடுநேரம் பார்த்தான். முதலில் இசைக்கருவி என்றான். ஆனால் பன்னிரண்டு சுத்தியல்கள் ஒரே மணியைத்தான் அடிக்க முடியும், ஆகவே ஒரே ஒலிதான் எழும் என்று தானே அதைத் தள்ளிவிட்டான். பன்னிரண்டு என்ற எண்ணைப் பார்த்துக் கடிகாரமோ என்று யோசித்தான். பல்சக்கரமோ வில்சுருளோ எங்கும் இல்லை. பிறகு, “மாமா, இது பழைய காலத்தில் மின்சாரம் சேமித்த ஜாடிகளா?” என்று கேட்டான். லைடன் ஜாடிகளை மனத்தில் வைத்துத்தான் கேட்டிருக்கிறான். குப்பிகளின் உள்ளும் புறமும் உலோகத் தகடு இல்லாததைக் காட்டியதும் அதையும் விட்டான். கடைசியில் அவன் சொன்னதுதான் என்னை வியக்க வைத்தது. சங்கிலிகளின் போக்கைப் பார்த்தால் மேலிருந்து கீழே எதுவும் இயக்கப்படவில்லை, குப்பிக்குள் ஏதோ நடக்கிறது, அது நடந்தால் சுத்தியல் விழுகிறது, ஆனால் குப்பிக்குள் தானாக அசையக்கூடியது எது என்பதுதான் தெரியவில்லை என்றான்.

அதற்கு விடை அட்டை. நம் குளங்களிலும் வயல்களிலும் காலைப் பற்றிக்கொள்ளும் நீரட்டையின் ஐரோப்பிய உறவான மருத்துவ அட்டை.

கருவியை உருவாக்கியவர் ஜார்ஜ் மெரிவெதர் என்ற விட்பி மருத்துவர். அக்கால மருத்துவர் ஒவ்வொருவரிடமும் அட்டைகள் இருந்தன. நம் சித்த மருத்துவத்தில் அட்டைவிடல் ஒரு புற மருத்துவ முறையாக இருப்பதைப் போலவே அங்கும் கெட்ட இரத்தத்தை நீக்க அட்டையைக் கடிக்க விடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் அட்டைக்கு இருந்த தேவை அளவிறந்தது. 1833ஆம் ஆண்டில் மட்டும் பிரான்ஸ் நாலு கோடிக்கும் அதிகமான அட்டைகளை இறக்குமதி செய்தது. ஆகவே மெரிவெதரிடம் அட்டைகள் இருந்ததில் வியப்பில்லை. அவற்றைக் கொண்டு புயலை முன்னறியலாம் என்று அவர் எண்ணியதில்தான் கதை தொடங்குகிறது. அம்மை குத்தும் முறையைத் தந்த எட்வர்டு ஜென்னர் மழையின் அறிகுறிகளைத் தொகுத்து ஒரு கவிதை எழுதியிருந்தார். கலக்கமுற்ற அட்டை தன் சிறையின் உச்சிக்கு ஏறிவிட்டது என்று அதில் ஒரு குறிப்பு வருகிறது. அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்ட மெரிவெதர், 1850ஆம் ஆண்டின் பெரும்பகுதியை இந்த ஆய்வில் செலவிட்டார்.

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்றும், தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்றும் சொல்லிவந்த நம் ஊர்களுக்கு இந்த நம்பிக்கை அயலானதன்று. ஆனால் எறும்பு ஏறுவதைப் பார்த்தவர்கள் அதைப் பழமொழியாக்கினார்கள். அட்டை ஏறுவதைக் கேள்விப்பட்ட இந்த மருத்துவர் அதைக் கருவியாக்கினார்.

செயற்படும் முறை இதுதான். ஒவ்வொரு குப்பியிலும் ஒன்றரை அங்குல உயரத்துக்கு மழைநீர். அதில் ஓர் அட்டை. கழுத்திலுள்ள குழாயில், திமிங்கலத்தின் வாயில் தொங்கும் தகட்டின் சிறு துணுக்கு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனுடன் இணைந்த சங்கிலி மணியின் சுத்தியலைப் பிடித்து நிறுத்தியிருக்கும். வானிலை கெடப்போவதை உணர்ந்த அட்டை நீரைவிட்டுக் குப்பியின் சுவரில் ஏறிக் குழாய்க்குள் நுழைந்தால், துணுக்கு இடம்பெயரும், சுத்தியல் விடுபடும், மணி அடிக்கும். எத்தனை அட்டைகள் மணியடிக்கின்றனவோ அந்த அளவுக்குப் புயல் வருவது உறுதி.

இதே அருங்காட்சியகத்தில் ‘பெருமைக் கை’ என்று அழைக்கப்படும் பதப்பட்ட மனிதக் கை ஒன்றும் இருக்கிறது. காசில்டன் என்ற ஊரில் ஒரு வீட்டுச் சுவருக்குள் கிடைத்தது. 1935இல் இங்கே வந்து சேர்ந்தது. திருடர்கள் வீட்டாரை உறங்க வைக்கப் பயன்படுத்திய மந்திரக் கை என்பது வழக்கு. கூட்டமெல்லாம் அந்தப் பேழையைச் சுற்றித்தான் நின்றது. அதன் பயன் பற்றி நம்மிடம் உள்ளது நாட்டார் வழக்கு. குப்பிக் கருவிக்கோ, செய்தவரே சங்கத்தின் முன் 1851 பிப்ரவரியில் படித்த விரிவான கட்டுரை இருக்கிறது. அப்படியிருந்தும், எதற்கு என்ற கேள்விக்குப் ‘புயலை அறிய’ என்ற ஒற்றை வரி விடை எனக்குப் போதவில்லை. ஏன் மணி, ஏன் பன்னிரண்டு, ஏன் வட்டம், ஏன் மண்டபம் என்று கேள்விகள் பெருகிக்கொண்டே போகின்றன.

புதன் மாலை

இன்று அருங்காட்சியகம் போகவில்லை. ஆற்றின் குறுக்கேயுள்ள திருப்புப் பாலத்தைக் கடந்து, கிழக்குக் குன்றின் 199 படிகளில் ஏறிப் புனித மேரி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கடற்காற்றில் கற்கள் அரிக்கப்பட்டுப் பல பெயர்கள் படிக்க முடியாதபடி ஆகிவிட்டன. படிக்க முடிகிறவற்றில் கடலில் இறந்தவர்கள் ஏராளம்.

மேலிருந்து பார்க்கும்போது துறைமுகத்தின் அமைப்பு நன்கு விளங்கியது. இரண்டு கற்சுவர் அலைதாங்கிகளுக்கு இடையேயுள்ள ஒரு குறுகிய வாய்தான் புகலிடம். வடகிழக்குக் காற்று ஓங்கும்போது அந்த வாய்க்குள் நுழைய முடியாத பாய்மரக் கப்பல்கள் கரையோரப் பாறைகளிலும் மணலிலும் மோதி உடையும். 1861 பிப்ரவரி 9ஆம் நாள் அப்படித்தான் நடந்தது. அன்று காலை முதல் விட்பியின் உயிர்காப்புப் படகு மீண்டும் மீண்டும் கடலில் இறங்கி, உடைந்த கப்பல்களிலிருந்து ஆட்களைக் காப்பாற்றி வந்தது. கடைசி முறை இறங்கியபோது, அலைதாங்கியின் மேல் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருக்கையில் கவிழ்ந்தது. பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் மூழ்கினர். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன்; புதிய வகைத் தக்கை அங்கியை அணிந்திருந்தவர்.

அது மெரிவெதரின் கருவிக்குப் பத்து ஆண்டுகள் பிந்தைய விபத்து. எனினும், எத்தகைய ஊரில் இருந்துகொண்டு அவர் இதைச் செய்தார் என்பதற்கு அதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. இந்தக் கருவியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை விக்டோரியா காலத்து விசித்திரம் என்று சிரித்துக்கொண்டு எழுதுகிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உடன்பாடில்லை. அலைதாங்கியில் நின்று கடலைப் பார்த்தவர்கள் அப்படிச் சிரிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மணி ஏன் என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது. காற்றழுத்தம் இறங்குவதைக் கொண்டு புயலைக் காட்டும் பாதரச அழுத்தமானி அக்காலத்தில் இல்லாமலில்லை. வசதியுள்ளவர் வீட்டுக் கூடத்தில் அது தொங்கியது. ஆனால் அழுத்தமானி, தன்னை வந்து பார்க்கிறவருக்கு மட்டுமே செய்தி சொல்லும். இரவில் உறங்குகிறவருக்கும், வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருப்பவருக்கும் அதனால் பயனில்லை. மெரிவெதர் விரும்பியது, கேட்காமலே கூப்பிட்டுச் சொல்லும் கருவி. ஊசியும் அளவுகோலும் வைக்காமல் மணியை வைத்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். அவர் இதை விட்பியோடு நிறுத்தவும் எண்ணவில்லை. மின்தந்தி பரவிவந்த காலம் அது. டோவருக்கும் கலேவுக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி வேலை செய்யத் தொடங்கியதும் அதே 1851இல்தான். தந்திக் கம்பியுடன் இணைத்தால், தன் சிறிய அட்டை ஒன்று இலண்டன் புனித பால் பேராலயத்தின் பெரிய மணியையே அடித்துப் புயலை அறிவிக்கும் என்று மெரிவெதர் உறுதியாகச் சொன்னார். கரையோரமெங்கும் அரசு இக்கருவிகளை நிறுவ வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள்.

புயல் முன்னறிவிப்பான் என்று பொருள்படும் ‘டெம்பெஸ்ட் ப்ராக்னாஸ்டிகேட்டர்’ என்ற பெயரில் இன்று அறியப்படும் இதற்கு அவர் முதலில் வைத்த பெயர் ‘விலங்குணர்வால் நடத்தப்படும் வளிமண்டல மின்காந்தத் தந்தி’ என்பது. அட்டைகள் உணர்வது காற்றிலுள்ள மின்னேற்றத்தை என்பது அவருடைய கொள்கை. நேற்று மின்சார ஜாடி என்று சொன்ன மருமகனிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு மிகுந்த மகிழ்ச்சி. நாளை மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவனே கேட்டுக்கொண்டான்.

வியாழன் இரவு

காலையில் கதவு திறந்ததும் உள்ளே போனோம். ஆள் நடமாட்டம் குறைவாக இருந்ததால் பேழையின் கண்ணாடியருகே முகத்தை வைத்து ஒவ்வொரு பகுதியாகப் பார்க்க முடிந்தது.

முதலில் குழாயின் வாய். ஒரு விரல் நுழையும் அளவுதான் இருக்கும். அட்டைக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் உறிஞ்சி உண்டு. பின் உறிஞ்சியைப் பதித்து உடலை நீட்டி, முன் உறிஞ்சியைப் பதித்துப் பின்பகுதியை இழுத்துக்கொள்ளும். வழவழப்பான கண்ணாடியில் செங்குத்தாக ஏற அதனால் முடிவது இவ்வாறுதான். குழாய்க்குள் அது வந்துவிட்டால், உடலின் பருமனே அங்குள்ள துணுக்கை நகர்த்தப் போதும். அட்டை எதையும் தள்ள வேண்டும் என்று கருவி எதிர்பார்க்கவில்லை. இயல்பாக ஊர்ந்து வந்தாலே போதுமென்று அமைத்திருக்கிறார். ஒரு சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு உறுதியாகவும், சில கிராம் எடையுள்ள உயிர் நகர்த்தும் அளவுக்கு எளிதாகவும் ஒரு பொருள் வேண்டும். ஈரத்தில் துருப்பிடிக்கக் கூடாது, ஊறிப் பருக்கவும் கூடாது. திமிங்கலத்தின் வாயில் பல்லுக்குப் பதிலாகத் தொங்கும் தகடு அதற்கு மிகப் பொருத்தம். அக்காலத்தில் குடைக் கம்பிகள் செய்ததும் இதில்தான். விட்பியில் திமிங்கல வேட்டை முடிந்து பதினைந்து ஆண்டுகள்கூட ஆகாத நிலையில் அந்தத் தகடு எந்தப் பட்டறையிலும் கிடைத்திருக்கும். இந்தக் கருவியில் மழைநீர், அட்டை, திமிங்கலத் தகடு ஆகியவை எல்லாம் ஊரிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை. செய்தவர்களும் உள்ளூர்க் கைவினைஞர்களே.

இரண்டாவது, விழுந்த சுத்தியல் விழுந்தபடியே இருக்கும் என்பது. யாராவது வந்து அட்டையை நீருக்குள் விட்டு, துணுக்கைத் திரும்பப் பொருத்தினால்தான் அது பழைய நிலைக்கு வரும். ஆகவே மணியோசையைக் கேட்கத் தவறியவரும் மறுநாள் காலையில் எத்தனை சுத்தியல்கள் விழுந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். ஓசை எழுப்புவதோடு பதிவும் செய்கிறது இக்கருவி. மருமகன்தான் இதை முதலில் கவனித்துச் சொன்னான்.

பன்னிரண்டு ஏன் என்பதற்கு நான் கொள்ளும் விடையும் இதையொட்டியதே. ஓர் அட்டை தன் போக்கில் எப்போது வேண்டுமானாலும் ஏறலாம். அட்டையைப் பிடித்து மெத்தையில் விட்டாலும் அது செத்தையைத்தான் நாடும் என்பார்கள். கண்ணாடி வீடு கொடுத்தாலும் அதன் குணம் மாறிவிடப் போவதில்லை. ஆனால் பன்னிரண்டில் எட்டோ ஒன்பதோ ஒரே நேரத்தில் ஏறினால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒரு காரணம் வெளியில் இருக்கிறது. மெரிவெதர் தம் அட்டைகளை ஆலோசனை சொல்லும் நடுவர் குழுவாகவே குறிப்பிட்டிருக்கிறார். தனியொருவரின் சொல்லை நம்பாமல் குழுவின் பெரும்பான்மையை நம்பும் இந்த ஏற்பாட்டில் அறிவியல் முறைமை இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

குப்பிகளை வட்டமாக வைத்ததற்கு அவர் சொன்ன காரணம் வேறு. அட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும், தனிமைச் சிறையின் துன்பம் அவற்றுக்கு நேரக் கூடாது என்பதற்காகத் தெளிந்த கண்ணாடியில், வட்டமாக வைத்தாராம். மருத்துவ அட்டைக்கு ஐந்து இணைக் கண்கள் உண்டு. எனினும் அவை ஒளியையும் நிழலையும் உணருமேயன்றி எதிர்க் குப்பியில் இருப்பது தன் இனம் என்று காட்டித் தரா. அதனால் அட்டைகளுக்கு இந்த ஏற்பாட்டால் நன்மை விளைந்திருக்காது. ஆனால் மருந்துக் கடைகளில் ஜாடி ஜாடியாக அடைத்து விற்கப்பட்ட, பயன்படுத்தியதும் எறியப்பட்ட ஓர் உயிரின் தனிமையைப் பற்றி அந்த மருத்துவர் கவலைப்பட்டிருக்கிறார். நான் மிகுந்த மதிப்புடன் படித்த செய்தி இது.

மண்டபத்துக்கு வருகிறேன். மெரிவெதர் மலிவானது முதல் விலையுயர்ந்தது வரை ஆறு வடிவங்களைத் திட்டமிட்டார். அவற்றில் மிக அலங்காரமானது, இந்தியக் கோயில்களின் பாணியைத் தழுவியது. 1851இல் இலண்டன் ஹைட் பூங்காவில் ‘கிரிஸ்டல் பேலஸ்’ என்ற கண்ணாடி மாளிகையில் நடந்த பெருங்கண்காட்சிக்குப் போனது அதுதான். கோஹினூர் வைரம் காட்சிக்கு வைக்கப்பட்ட அதே கண்காட்சி. இந்தியக் கோயில் என்று சொல்லப்பட்டதால் நான் உற்றுப் பார்த்தேன். நம் கோயில் மண்டபத்தின் போதிகையோ கொடுங்கையோ விமானத்தின் அடுக்குகளோ இதில் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் 1823இல் கட்டி முடிக்கப்பட்ட பிரைட்டன் அரண்மனையின் குவிமாடங்களில் தெரியும், கேள்விப்பட்டுக் கற்பனை செய்துகொண்ட இந்தியாதான் இதிலும் தெரிகிறது. ஆயினும் நடுவே மணியும் சுற்றிலும் சமமாக நிற்கும் பன்னிரு தூண்களுமாக ஒரு வட்ட மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது கருவியின் வேலைக்கு இசைகிறது. பன்னிரண்டு சங்கிலிகளும் ஒரே நீளத்தில் ஒரே மணியை எட்ட வட்டத்தைவிடச் சிறந்த அமைப்பு இல்லை.

நாம் பார்ப்பது மெரிவெதர் கண்காட்சிக்கு அனுப்பிய கருவியே அன்று என்பதையும் சொல்ல வேண்டும். அது தொலைந்துவிட்டது. 1951இல், பெருங்கண்காட்சியின் நூற்றாண்டையொட்டி நடந்த பிரிட்டன் திருவிழாவுக்காகச் செய்யப்பட்ட மறுபடிவம் இது. பின்னர் விட்பிக்குத் தரப்பட்டது. அவர் தம் கட்டுரையை அவ்வளவு விரிவாக எழுதியிராவிட்டால் இந்த மறுபடிவம் உருவாகியிருக்காது.

வெள்ளி இரவு, யார்க்

மதியம் விட்பியை விட்டுப் புறப்பட்டு மாலையில் யார்க் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் எங்கள் பேச்சு ஒன்றே ஒன்றைப் பற்றியது: அட்டைகள் உண்மையிலேயே புயலை அறிந்தனவா?

மெரிவெதர் தம் பக்கத்துச் சான்றாக வைத்தவை கடிதங்கள். 1850இல் அட்டைகள் ஏறும்போதெல்லாம், புயல் வருமுன்பே சங்கத் தலைவருக்கு அஞ்சலில் எழுதி அனுப்பினார். மொத்தம் 28 கடிதங்கள். அஞ்சல் முத்திரையின் தேதியே, பின்னால் திருத்திச் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி. நடந்த பிறகு ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்று சொல்வது எவருக்கும் எளிது; நடக்கும் முன் எழுதி இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவது நேர்மையான ஆய்வாளரின் செயல். ஆனால் அக்கடிதங்களால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. வட கடல் கரையில் குளிர்காலத்தில் புயல்கள் அடிக்கடி வரும். கடிதத்துக்குப் பின் புயல் வந்தது என்பதோடு, கடிதம் எழுதாத நாட்களில் எத்தனை புயல்கள் வந்தன, அட்டைகள் ஏறியும் எத்தனை முறை வானம் தெளிந்தே இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் அட்டைகளுக்கு மதிப்பெண் போட முடியும்.

இயற்பியல் என்ன சொல்கிறது என்று மருமகன் ரயிலிலேயே கணக்குப் போட்டான். அட்டை தோலின் வழியே சுவாசிக்கிறது. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேற்பரப்பை நோக்கி ஏறுவது அதன் இயல்பு. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் காற்றழுத்தத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். புயல் நெருங்கி அழுத்தம் 1013 மில்லிபாரிலிருந்து 980க்கு இறங்கினால், கரையக்கூடிய ஆக்சிஜன் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். ஒன்றரை அங்குல ஆழமே உள்ள நீராதலால் அந்த மாற்றம் விரைவிலேயே எட்டிவிடும். இவ்வளவு குறைவாக நீர் வைத்தது அந்த வகையில் நல்லதே. ஆனால் அதே நீர் 15 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குச் சூடேறினால் ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராமிலிருந்து 9 மில்லிகிராமாக, அதாவது 10 சதவீதம் குறைகிறது. கணப்படுப்பு மூட்டிய அறையில் ஒரு மாலைப்பொழுது செய்யும் மாற்றம், ஒரு பெரும்புயல் செய்யும் மாற்றத்தைவிட மூன்று மடங்கு. பன்னிரண்டு குப்பிகளும் ஒரே அறையில் இருப்பதால் அவை எல்லாவற்றையும் இது ஒன்றுபோலவே தாக்கும். நடுவர் குழு முழுவதும் ஒரே தவறான தீர்ப்பைச் சொல்லிவிடும். என் பார்வையில் இக்கருவியின் உண்மையான பலவீனம் இது ஒன்றே. அருகில் ஒரு வெப்பமானியை வைத்து, அறை வெப்பம் மாறாத நாட்களின் ஏற்றங்களை மட்டும் கணக்கில் கொண்டிருந்தால் அந்த ஆய்வு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அரசு இக்கருவியை ஏற்கவில்லை. 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையில் உடைந்து நானூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் புயல் எச்சரிக்கையில் அரசின் கவனம் முழுமையாகத் திரும்பியது. டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவராக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய் அப்போது வானிலைத் துறையின் பொறுப்பில் இருந்தார். மீன்பிடித் துறைகளில் உறுதியான அழுத்தமானிகள் நிறுவப்பட்டன. 1861 பிப்ரவரியில், விட்பிப் படகு கவிழ்ந்த அதே மாதத்தில், தந்தி வழியே புயல் எச்சரிக்கை அனுப்பும் முறை தொடங்கியது. செய்தி கிடைத்த துறைமுகங்கள் கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றின. பல இடங்களின் அளவீடுகள் தந்தியில் ஓரிடத்துக்கு வந்து, அங்கிருந்து எச்சரிக்கை கரையெங்கும் போயிற்று. கரையோரக் கருவிகளைத் தந்தியால் இணைப்பது என்ற பாதி எண்ணம் மெரிவெதரிடம் பத்தாண்டுக்கு முன்பே இருந்தது. 1864இல் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பின், 1865இல் அத்துறைமுகத்திலும் எச்சரிக்கை முறை வந்தது. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்று நாம் செய்தியில் கேட்பது அந்த வரிசையில் வந்த ஏற்பாடுதான்.

அட்டையை வைத்து இன்று யாரேனும் மெரிவெதரின் சோதனையை முறையாகத் திரும்பச் செய்ய விரும்பினால், ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அளவின்றிப் பிடித்துத் தீர்த்ததாலும் நீர்நிலைகள் அழிந்ததாலும் மருத்துவ அட்டை பிரிட்டனில் இப்போது சட்டப் பாதுகாப்புப் பெற்ற அரிய உயிராகிவிட்டது. குளத்தில் பிடிக்க முடியாது. மருத்துவத்துக்காக வளர்க்கும் பண்ணைகளிலிருந்துதான் வாங்க வேண்டும். பல மாதங்கள் உணவின்றி வாழக்கூடியது என்பதால் பராமரிப்பு கடினமில்லை. வெப்பம் மாறாத ஓர் அறை, பன்னிரண்டு குப்பிகள், ஓர் அழுத்தமானி, நாள்தவறாமல் எழுதும் ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். மருமகன் தன் துறைப் பேராசிரியரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்கிறான்.

விட்பி போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரயில் நிலையத்திலிருந்து பேனட் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். ஏற்றம் சிறிது உண்டு. உள்ளே போனதும் விளக்கப் பலகையைப் படிக்காமல் கருவியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சங்கிலியைக் கீழிருந்து மேலாகக் கண்ணால் தொடருங்கள். பிறகு குழாயின் வாயைப் பாருங்கள்.